லிட்டருக்குப் பதினொன்று

சித்திரை 21, ஞாயிறு

எனக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. வண்டி லிட்டருக்குப் பதினொரு கி.மீ.தான் தருகிறது என்று திருமயத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் சேகரிடம் புகார் சொன்னேன். அவன் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன் செல்வத்துக்குப் போன் போட்டிருக்கிறான். "வண்டியில ஒண்ணும் இல்லண்ணே. ஐயா கால் எந்நேரமும் கிளட்ச்சுலயே இருக்கு. வயசாயிருச்சுல்ல." என் முதுகுக்குப் பின்னால்.

செல்வம் இன்று காலை அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தான். அடுத்த ஞாயிறு வருகிறானாம். வண்டியை விற்றுவிடலாமாம். வேண்டும்போது வாடகைக் கார் கூப்பிட்டுக்கொள்ளலாமாம். "ஒங்க நல்லதுக்குத்தாம்ப்பா."

ஏழு நாள் இருக்கிறது. குறை வண்டியிலா, என் காலிலா? காலில்தான் என்றால் சாவியை நானே எடுத்துக் கொடுப்பேன். இல்லையென்றால் யார் கேட்டாலும் கிடையாது.

அக்னி நட்சத்திரம் தொடக்கம். காற்றே இல்லை. மோர் இரண்டு தடவை.

சித்திரை 22, திங்கள்

காலை ஆறு மணிக்கே ஷெட்டில். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் கிணற்று ஆயில் எஞ்சினைப் பிரித்துக் கோத்தே நாற்பது வருடம் தண்ணீர் பாய்ச்சியவன். இது அதைவிடச் சின்ன எஞ்சின்.

பார்த்தவை:
டயர் காற்று. 33 இருக்க வேண்டியது. முன்னால் 27, பின்னால் 25.
ஏர் ஃபில்டர். தட்டினால் ஒரு கை மாவு. கிரஷர் லாரிகளுக்குப் பின்னாலேயே போய் வருவதால் வந்த கல் தூசி.
டிக்கி. அரை மூட்டை யூரியா. மாசித் திருவிழாவுக்கு ஏற்றிய அன்னதான அண்டா இரண்டு. இரண்டு மாதத்துக்கு மேலாக என்னோடு ஊர் சுற்றியிருக்கின்றன.

அண்டாவைக் கோயிலில் இறக்கினேன். பூசாரி, அதைக் காணோம் என்று யார் யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாராம். யூரியாவைத் தோட்டத்தில் இறக்க அவசரமாகக் கிளம்பிவிட்டேன்.

புது ஃபில்டர் வாங்கி நானே மாட்டினேன். இதில் ஒன்றையாவது சேகர் பார்த்தானா?

சித்திரை 23, செவ்வாய்

ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தேன். பின் இடது மட்டும் இறுக்கம். பிரேக் விடாமல் பிடிக்கிறது. இங்கே எங்கள் ஊர் அரிமளத்திலேயே வேறு ஆளிடம் காட்டிச் சரிசெய்தாயிற்று. அவன் வேலை செய்கிறவன், பேசுகிறவன் அல்ல.

மீ. (என் மனைவி மீனாட்சி) இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை தட்டை ஷெட்டுக்கே கொண்டுவந்து பானெட் மேல் வைத்தாள். "இனி இங்கிட்டே படுத்துக்கிருங்க."

முட்டி வலி. தைலம்.

சித்திரை 24, புதன்

பரீட்சை நாள். வெயில் ஏறுமுன் கிளம்பினேன். பங்க்கில் தானாகக் கட் ஆகும்வரை டேங்க் நிரப்பினேன். திருமயம், புதுக்கோட்டை, திருவரங்குளம் போய் சிவனைக் கும்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்பினேன். வேகம் ஐம்பது, அறுபது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன், கால் எங்கே இருக்கிறது என்று தெரிய. தேவையில்லாமல் கிளட்ச்சில் இருந்தது பதினோரு தடவை. பெரும்பாலும் வேகத்தடைக்கு முன்னால். எழுதித்தான் ஆக வேண்டும். சேகர் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு உண்மை. மீதி ஒன்பது பங்குக்கு அவன் பதில் சொல்லட்டும்.

திரும்பி வந்து அதே பங்க்கில், அதே குழாயில் நிரப்பினேன். 92 கி.மீ. 5.1 லி. அதாவது லிட்டருக்குப் பதினெட்டு.

பதினெட்டு! பன்னிரண்டு மணிக்கு வீடு. மீ.யிடம் சொன்னேன். "நல்லது, கைகாலக் கழுவிட்டு வாங்க" என்றாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன். மதியம் நல்ல தூக்கம்.

சித்திரை 25, வியாழன்

பேங்க், உரக்கடை. 13 கி.மீ. வேகத்தடையில் கால் ஒழுங்கு. எதிர்வீட்டு லூர்துமேரிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கி வந்தேன்.

செல்வம் போன். பதினெட்டு என்றேன். "ஒரு தடவை வந்தா போதுமாப்பா? ஊருக்குள்ள ஓட்டிப் பாத்தீங்களா?" சரி. அதையும் காட்டுகிறேன்.

சித்திரை 26, வெள்ளி

11 கி.மீ. சாயங்காலம் பங்க். புதன் மதியத்திலிருந்து மொத்தம் 24 கி.மீ. ஊருக்குள் ஓட்டியது, ஒன்றரை லிட்டர் பிடித்தால் அதிகம்.

பிடித்தது 2.7.

பங்க் ஆளிடம் குழாய் சரியில்லை என்றேன். ஐந்து லிட்டர் அளவுக் குடத்தில் பிடித்துக் காட்டச் சொன்னேன். கேட்டால் காட்டியாக வேண்டும், அது எனக்குத் தெரியும். பின்னால் ஏழெட்டு பைக். ஒருத்தன், "பெருசு, குடத்த வீட்டுக்குக் கொண்டுபோயி அளந்து பாக்குறியா?" என்றான். அளவு கோட்டில் சரியாக நின்றது. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பங்க் ஆள் துணியால் குடத்தைத் துடைத்து வைத்தான். குழாய் சரி என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

டேங்க்கில் ஒழுக்கு இல்லை, குனிந்து பார்த்தாயிற்று. திருட்டும் இல்லை, மூடியைத் திறக்கும் லீவர் உள்ளேதான் இருக்கிறது. குழாயும் சரி. கி.மீ. ஏறாமல் பெட்ரோல் மட்டும் இறங்கியிருக்கிறது. ஒரே அர்த்தம்தான். நின்ற இடத்தில் எரிகிறது.

சாவி பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஆணியில். வீட்டில் இரண்டே பேர்.

சித்திரை 27, சனி

மதியம் படுத்தேன், தூங்கவில்லை. இரண்டு மணிக்கு ஆணியிலிருந்து சாவி எடுக்கும் சத்தம். கால் மணி நேரம் பொறுத்து ஷெட்டுக்குப் போனேன். ஷட்டர் முக்கால்வாசி இறக்கியிருந்தது. உள்ளே எஞ்சின் ஓடுகிறது. புகை வாடை.

ஷட்டரைத் தூக்கினேன். முன் சீட்டில் மீ., ஏசியைக் கடைசி வரை திருகிவிட்டு. பின் சீட்டில் லூர்துமேரி, மடியில் வெள்ளரிப் பிஞ்சு. இரண்டு பேரும் போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை நீட்டி எஞ்சினை அணைத்தேன். வெளியே வரச் சொன்னேன். வேப்பமர நிழலில் உட்காரவைத்தேன். தலை சுற்றுகிறதா, குமட்டுகிறதா என்று இரண்டு பேரையும் கேட்டேன். இல்லை என்றார்கள். பிறகும் கேட்டேன். மூடிய ஷெட்டில் எஞ்சின் ஓடினால் அந்தப் புகை ஆளைக் கொல்லும், தூக்கம் வருவதுபோல்தான் இருக்கும். எனக்கு அது தெரியும். அவளுக்கு நான் சொன்னதே இல்லை. இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஷட்டரை ஏன் இறக்கினாய் என்றேன்.

"நீங்க பாத்துருவீங்கன்னுதான்."

லூர்துமேரி, "நான் பின் சீட்டுதாண்ணே" என்றாள், அதில் என்னவோ குற்றம் குறைவதுபோல.

மீ. பேசினாள். குரல் உயர்த்தவில்லை. "பிரஷர் மாத்திரை திங்கிறவங்க வெக்கையில இருக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா ஒங்க முன்னாடிதான சொன்னாங்க? ரெண்டு கோடையா ரூம்புக்கு ஏசி கேக்குறேன். மூட்டு பிடிச்சுக்கிரும், மூட்டு பிடிச்சுக்கிரும்ங்கிறீங்க. காருல இருக்குற ஏசி மட்டும் ஒங்க மூட்ட விட்டுருச்சா?"

சாவியை அதே ஆணியில் மாட்டிவிட்டு நோட்டை எடுத்தேன்.

பங்குனியிலிருந்து தினமும் அரை மணிக்கு மேல் இப்படி உட்கார்ந்திருக்கிறார்களாம். நான் தூங்கும் நேரமெல்லாம். கணக்குப் போட்டேன். நின்றுகொண்டு ஏசி ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் போகும். காணாமல் போனதற்குச் சரியாக வருகிறது. சரியாக வந்ததில் சந்தோஷம் வரவில்லை.

சாயங்காலம் காப்பி வைத்துவிட்டுச் சொன்னாள், "நாளைக்கு செல்வத்துகிட்ட எம்மேல போட்டுருங்க. ஒங்க சாவி தப்பிச்சுக்கிரும்." மாட்டேன் என்றேன்.

சித்திரை 28, ஞாயிறு

செல்வம் காலை பஸ்ஸில் வந்தான். காப்பிக்கு முன்னால் எல்லாவற்றையும் நானே சொன்னேன். ஃபில்டர், காற்று, பிரேக், அண்டா, பதினோரு தடவை கிளட்ச், ஏசி கேட்டு நான் மறுத்தது, ஷட்டர். அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நல்லா ஜில்லுன்னு இருக்கும்டா" என்றாள்.

பிறகு நான் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார, திருமயம் போய் வந்தோம். போகும்போது என் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். வரும்போது ரோட்டைப் பார்த்தான். இறங்கியதும் சாவியை என் சட்டைப் பையில் போட்டான். "கண்ண மட்டும் டெஸ்ட் பண்ணிருங்கப்பா." சரி என்றேன். நியாயமாக எது கேட்டாலும் நான் என்றும் மறுத்ததில்லை.

செய்ய வேண்டியவை:

டயர் காற்று, திங்கள்தோறும். நான்.
ஏர் ஃபில்டர், மாதம் ஒருமுறை தட்டிப் பார்ப்பது. நான்.
கண் பரிசோதனை, புதுக்கோட்டை. நான். செல்வம் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.
பங்க் ஆளிடம் போய், குடம் சரி, நான் சொன்னதுதான் தப்பு என்று சொல்வது. நான். பைக் ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்து.
ஷட்டர், கழற்றிவிடுவது. செல்வம், ஊருக்குப் போகுமுன்.
அதே போனில் செல்வத்தைக் கூப்பிட்டு, வண்டியைப் பார்க்காமல் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது. சேகர். அதுவரை வண்டி அவன் பட்டறை வாசலை மிதிக்காது.
ரூமுக்கு ஏசி. எந்தச் சுவர் என்று மீ. சொல்ல வேண்டும். வாங்குவது நான்.
மாட்ட ஆள் வியாழக்கிழமைதான் வருவானாம். அதுவரை மதியம் இரண்டு மணிக்கு மீ.யையும் லூர்துமேரியையும் ஏற்றிக்கொண்டு, கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு ஊரைச் சுற்றி வருவது. நான். மைலேஜ் குறிக்க வேண்டாம்.