நாளை காலை திமிங்கிலக் கூடத்தைத் திறக்க வேண்டாம்

அனுப்புநர்:
பராமரிப்புப் பணியாளரின் மூத்த மகள்,
ஒன்பதாம் வகுப்பு,
பணியாளர் குடியிருப்பு, கடைசி வீடு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
நகர அருங்காட்சியகங்கள்.

பொருள்: திமிங்கில எலும்புக்கூட்டின் தலைப்பக்கம் இறங்கி வருவது குறித்தும், என் அப்பாவை ஏணியில் ஏற விடாமல் தடுக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

1. விடுமுறை நாட்களிலும் அம்மா தையல் கம்பெனிக்குப் போவதால், தம்பியையும் தங்கையையும் நான்தான் தங்கள் அருங்காட்சியகங்களுக்கு அழைத்து வருகிறேன். வெயில் காலத்தில் ஓவியக்கூடம். அங்கே சுவரில் சாய்ந்தால் குளுகுளுவென்று இருக்கும். பனிக்காலத்தில் பழைய ரயில் பெட்டிகள் நிற்கும் முற்றம். மழை என்றால் திமிங்கிலக் கூடம். எந்தக் காலமானாலும் வீடு திரும்பும் முன் தம்பிக்குத் திமிங்கிலத்தைப் பார்த்தாக வேண்டும். இதுவரை எங்களால் எதுவும் உடைந்ததில்லை.

2. சென்ற மழைக்காலத்தில் கூரை ஒழுகி, எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருக்கும் தலைப்பக்கச் சங்கிலி வழியாகத் தண்ணீர் இறங்கியது. அப்போது தம்பி எம்பிக் குதித்தால் தாடை எலும்புக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. பனிக்காலத்தில் அது நாலு விரல் ஆனது. போன வாரம் அவன் தொட்டுவிட்டான். தொட்டதும் கூடமே அதிரக் கத்தினான். நான் அவனை அங்கிருந்து இழுத்து வந்துவிட்டேன்.

3. காவலர் அண்ணனிடம் சொன்னேன். "உன் தம்பி வளந்துட்டான்மா. திமிங்கிலமா எறங்கி வரும்?" என்று சிரித்தார். வீட்டுக் கதவில் அவன் உயரத்தைக் கோடு போட்டு வைக்கிறோம். வளர்ந்தது இரண்டு விரல்தான். மீதி எங்கிருந்து வந்தது, ஐயா?

4. சங்கிலிக்கு நேர் கீழே தினமும் பழுப்பாகத் துரு உதிர்கிறது. கூட்டும் அக்கா, "திமிங்கிலத்துக்குப் பொடுகுடி, எண்ணெய் தேச்சு விடச் சொல்லு உங்க அப்பாகிட்ட" என்று வாரிப் போட்டுவிடுகிறார்.

5. இனி எழுதப்போவதை அப்பா மன்னிக்க மாட்டார். அந்தச் சங்கிலியின் சோதனை அட்டையில் மாதாமாதம் "பார்த்தேன்" என்று கையெழுத்திடுபவர் அவர்தான். போன வருடம் ஏணியில் தலைசுற்றியதிலிருந்து அவர் ஏறுவதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார். ஏணி ஏற முடியாதவரை யார் வேலையில் வைத்திருப்பார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சாப்பிடும்போது நான் கேட்டதற்கு, "நான் என்ன பொய்யா எழுதினேன்? பார்த்தேன்னுதானே எழுதியிருக்கேன். ஏறிப் பார்த்தேன்னு எழுதலையே!" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

6. நாளை பத்து மணிக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேர் படம் வரைய வருகிறார்கள். திமிங்கிலத்துக்குக் கீழேதான் உட்கார வைப்பார்கள். அதில் என் தம்பியும் ஒருவன். இதைச் சொன்னதும் அப்பா எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "சரி, காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி நானே ஏறிப் பார்த்துடறேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

நான் சொல்லாமல் இருந்தால் திமிங்கிலம் பிள்ளைகள் மேல் விழும். சொன்னதால் அப்பா விழுந்துவிடுவாரோ என்று பயப்படுகிறேன்.

ஆகவே ஐயா, அந்தக் கூடத்தைப் பூட்டி, உயரத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்களை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா செய்தது தப்புதான். ஆனால் பூட்டு, பம்பு, மின்விசிறி எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. தரையில் நின்று செய்யும் வேலையாகக் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கு அவர் ஏணியை எடுத்துவிடுவார். ஐந்து மணிக்கே தங்கள் வீட்டுக் கதவுக்கு அடியில் இதைத் தள்ளுவேன். மணியை அடித்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தாங்கள் எழாமல் போனால் என்ன செய்வது? அதனால் கதவு திறக்கும்வரை மணியை அடித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். கோபித்துக்கொள்ளாமல் உடனே என்னுடன் வாருங்கள்.

இடம்: பணியாளர் குடியிருப்பு
நாள்: ஞாயிறு, இரவு

தங்கள் வாசலில் நிற்கப்போகும்,
பராமரிப்புப் பணியாளரின் மகள்