கயிற்றுக்கு உள்ளே யார்?

மார்ச் 3, செவ்வாய்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி பரீட்சை எழுதி, ட்ரோன் பறக்கவிட உரிமம் வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பந்தயத்தைப் படம் பிடிக்கிறாள், முதல் வேலை. கூட்டத்துக்குப் பக்கத்தில் பறக்கவிட்டால் அதையே பார்த்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும், சட்டமாம். யாரை வைத்திருக்கிறாள்? என் மருமகளின் அம்மாவை!

கேட்டேன். "அவங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆகி தூரத்துல பளிச்சுனு தெரியுது பாட்டி."

"நான் இன்னும் ஊசியில நூல் கோக்குறேன்டி."

"ஊசி கையில இருக்கு. ட்ரோன் வானத்துலதானே இருக்கும்?"

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மார்ச் 5

சம்பந்தியம்மா ஆரஞ்சு மேல்சட்டையும் விசிலுமாக என் வீட்டுக் கூடத்திலேயே ஒத்திகை பார்க்கிறது. வயிறு எரிகிறது. அந்த நிறமும் பொருந்தித் தொலைக்கிறதே!

மார்ச் 8, ஞாயிறு

எப்படி எழுதுவேன்.

ஓடுபாதைக்குப் பக்கத்தில் காலி இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கியிருந்தார்கள். ட்ரோன் அதற்கு மேல்தான் பறக்கலாம். சனங்கள் தலைக்கு மேல் கூடாது. அங்கே வேலை இல்லாதவர்கள் கயிற்றுக்குள் வரக் கூடாது. பேத்தி எனக்கும் சொல்லித்தான் இருந்தாள். ஆனால் பக்கத்தில் நின்ற ஒருத்தி சம்பந்தியைக் காட்டி, "அந்தப் பொண்ணோட பாட்டி போல, என்ன கம்பீரம்!" என்றாள். அப்போ நான் யாரு? தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, குனிந்து, உள்ளே நுழைந்துவிட்டேன்.

விசில் காதைக் கிழித்தது. "ஆள் வந்தாச்சு! இறக்கு!"

பேத்தி இறக்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து முதல் ஆள் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான். படம் இல்லை.  நான் நீட்டிய பாட்டிலை அவள் வாங்கவில்லை.

மார்ச் 9

மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி போனில் சொன்னாராம்: "இறக்காம விட்டிருந்தா உரிமம் போயிருக்கும்மா." அடுத்த தடவை பறக்கவிடவும் அனுமதி உண்டாம். ஆக, பேத்தி பிழைப்பைக் காப்பாற்றியது அந்தம்மா. கெடுக்கப் பார்த்தது — வேண்டாம், எழுத மாட்டேன்.

திட்டியாவது இருக்கலாம். "விடுங்க சம்பந்தி, ஆசைதானே" என்கிறது. அந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பள்ளிக்கூட விளையாட்டு விழா. ட்ரோனைப் பார்க்கச் சம்பந்தி, கயிற்றுக்குக் காவல் நான். விதிகளை ஒப்பிக்கவைத்த பிறகுதான் பேத்தி எனக்கு மேல்சட்டை தந்தாள்.

ஒரு பெரியவர் வந்தார். "பேரன் ஓடுறான்மா, ஒரு நிமிஷம் உள்ள விடுங்க."

"ட்ரோன் ஓட்டுற பொண்ணோட அப்பாவைப் பெத்தவ நான். என்னையே உள்ள விடல. பின்னால போங்க."

சம்பந்திக்குக் கேட்டிருக்குமா என்று திரும்பிப் பார்த்தேன். வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை, மகராசி.