குறையே சொல்லாதவர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமென்று வாரம் தவறாமல் போனில் சொல்கிறாய், அதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம். உன் அக்கா வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போன உன் அம்மா இப்போதைக்கு வரமாட்டாளாம். இங்கே நானும் அடுப்பும்தான், இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஆபீஸ் கதையைச் சொல்கிறேன். புது மேனேஜர் போன வருடம் எங்கள் கம்பெனி ஃபிரிட்ஜ் கதவுக்கு மலிவான ரப்பரைப் போட்டு லாபம் காட்டினார். குளிர் நிற்கவில்லை, என் புகார்ப் பிரிவில் போன் ஓயவில்லை. ரப்பரை மாற்றுங்கள் என்று மீட்டிங்கில் சொன்னேன். அவர் போனை மாற்றினார். இப்போது கூப்பிடுகிறவர்களிடம் மெஷின் பேசுகிறது, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று. அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோய் போனை வைத்துவிடுகிறார்கள். புகார் பாதியாகக் குறைந்ததென்று அவருக்கு விருது. முதலில் கை தட்டியவன் நம் வீட்டுக்கெல்லாம் வந்துபோன அந்தக் கணக்கன். கேட்டால், "நான் பிள்ளைகுட்டிக்காரன் சார், உங்கள மாதிரி வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதவன் இல்ல" என்கிறான். சாப்பாட்டு மேசையையும் மாற்றிக்கொண்டான், அதை மட்டும் நான் மறக்கமாட்டேன். மணியடிக்காத போனுக்கு முன்னால் தனியாகச் சாப்பிடுகிறேன்.

கேக் கடைக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, க்ரீம் உருகினால் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாரே, அவர் சத்தமே இல்லையென்று நேற்று கடைக்கே போனேன். வேறு கம்பெனி ஃபிரிட்ஜ் நிற்கிறது. "வாய்யா புகாரு, உசுரோடதான் இருக்கியா? மெஷினத் திட்டுனா அதுக்கு உறைக்கவா போகுது, அதான் மாத்திட்டேன்" என்று சிரித்தார். திட்டிய வரைக்கும் அவர் எங்களோடு இருந்தார். இதை மேனேஜரிடம் சொல்லி என்ன, நஷ்டம் தெரியவரும்போது அவர் வேறு கம்பெனியில் இதைவிடப் பெரிய நாற்காலியில் இருப்பார், பழி என் தலையில் விழும். திரும்பி வரும் வழியெல்லாம் உன் நினைவுதான். வேலைக்கு வெளியூர் போன புதிதில் அறைத்தோழி குறட்டை விடுகிறாள், அதிகாரி முகம் கொடுத்தே பேசுவதில்லை, என்னை ஏன் இங்கே அனுப்பினீர்கள் என்று சண்டை போடுவாய். இப்போது "ஒரு குறையும் இல்லப்பா" என்கிறாய். இத்தனை வருடம் புகார் கேட்டவனம்மா நான், எனக்குத் தெரியாதா?

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு தூங்காதே. உடம்பும் மனதும் தெம்பாக நீ நெடுநாள் வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சுகமென்று மட்டும் சொல்லாதே. ஏதாவது சரியில்லை என்று சொல், என்னைப் பற்றியதானாலும் சரி. நான் வைத்துவிடமாட்டேன்.

உன் அப்பா