ரேடியோவில் கொழுவின ஹேங்கர்

அக்கா,

இன்றைக்கு மேடத்தின்ர அபாயாவை அயன் பண்ணும்போது துணி கருகுகிற மணம் லேசாய் வந்தது. கையை எடுத்திட்டேன்.

குவைத்தில், மங்காஃபில் இந்த வீட்டுக்கு நான் வேலைக்கு வரும்போது நீங்கள் இங்கே பழைய ஆள். ரேடியோ, போன் ஒன்றும் கூடாது என்பது மேடத்தின்ர சட்டம். ஊரில் சண்டை, உங்கட மகன் அதுக்குள்ள. வேற வழியில் ஒரு சேதியும் வராது. அதனால்தான் அயன் அறையில் துவாய்களுக்கு நடுவே அந்தச் சின்ன ரேடியோவை ஒளிச்சு வைச்சீங்கள். ஏரியலில் ஒரு கம்பி ஹேங்கரைக் கொழுவினால் தமிழ்ச் செய்தி கொஞ்சம் தெளிவாய்க் கேட்கும். அயன் அறையில் ஹேங்கரைக் கண்டு யார் சந்தேகப்படுவார்கள்?

"மெஷினைப் போடு பிள்ளை, செய்திக்கு நேரமாச்சு" என்பீங்கள். உடுப்புத் தோய்க்கிற அந்தச் சத்தத்துக்குள்ளே காதை வைச்சுக் கேட்போம். "தோய்ச்சதையே திரும்பத் தோய்க்கிறம். இவையளைப்போல சுத்தமான ஆக்கள் குவைத்திலயே இல்லை" என்று நீங்கள் சொல்ல, வாயைப் பொத்திச் சிரிப்போம்.

செய்தி வாசிக்கிறவனிலும் எனக்குக் கோவம். செத்த ஆக்களையும் கிரிக்கெட்டையும் ஒரே குரலில் வாசிப்பான்.

ஒருநாள் உங்கட ஊர்ப் பேரை வாசிச்சான். ஷெல் விழுந்ததாம். நீங்கள் அயனைத் தூக்க மறந்து அப்படியே நின்றீங்கள். கருகின மணத்துக்கு மேடம் வந்தா. ரேடியோவைத் தூக்கி நிலத்தில் அடிச்சா. "கலாஸ்" என்றா, முடிஞ்சுதாம். நீங்கள் கும்பிட்டீங்கள் அக்கா. "பிள்ளை உயிரோட இருக்கிறானோ எண்டு மட்டும் கேட்டிட்டுத் தாறன்" என்று அவவுக்கு விளங்காத தமிழிலேயே கெஞ்சினீங்கள்.

பிறகு நீங்கள் ஒழுங்காய்ச் சாப்பிடவே இல்லை. நெஞ்சு நோகுது என்றதுக்கு மேடம் பனடோல் குளிசை தந்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மனம் வந்தபோது எல்லாம் முடிஞ்சுபோச்சு.

போன மாதம் வீட்டுப் போன் அடிச்சது. மேடம் எடுத்தா, உங்கட பேரைக் கேட்டதும் "மாஃபி" என்று வைச்சிட்டா. ஆள் இல்லையாம். உயிர் போன மனுசிக்கு அவ்வளவுதான் பேச்சு. திரும்ப அடிச்சபோது நான் ஓடிப்போய் எடுத்தேன். உங்கட மகன். முகாமில் இருந்து பேசினான்.

"அம்மா நிக்கிறாவோ?"

சொன்னேன் அக்கா. அந்தச் செய்தி வாசிக்கிறவனைப்போல ஒரே குரலில் சொன்னேன். வேற குரல் எனக்கு வரவில்லை.

அந்த ஹேங்கர் என்ர பெட்டிக்குள்ளே இருக்குது. ஊருக்குப் போனால், உன்னைத் தேடின கம்பி இதுதான் என்று அவனிட்டக் குடுப்பேன். நேற்று மேடம் அலுமாரியைத் திறந்து பார்த்திட்டு, ஒரு ஹேங்கர் குறையுது, எங்கே என்று கேட்டா.

அவவின்ர முகத்தைப் பார்த்து "மாஃபி" என்றேன்.