மனநிலை மதிப்பெண்

நாள் 112, காலை 09:10. மனநிலை: 6/10
செவ்வாய்க் கோள், குகை நிலையம். இங்கிருப்பது நான் ஒருத்திதான்: ஜெசிந்தா, பாறை ஆய்வாளர், சொந்த ஊர் தூத்துக்குடி. காற்றில் கரியமில வாயு, அளவுமானிப்படி, 0.4 சதவீதம். வெப்பம் சரி. சினைப்பை நீர்க்கட்டிக்கான ஹார்மோன் மாத்திரை போட்டாயிற்று. பருவும் தாடை முடியும் குறைந்திருக்கின்றன. மாதவிலக்கு தேதி தவறுவதில்லை. மனசுதான் ஒரு நிலையில் இல்லை. பூமியிலிருந்து டாக்டர் ஹேமலதா சொல்லி அனுப்பியது: "தினமும் மதிப்பெண்ணை மறைக்காம போடும்மா. அப்பதான் டோஸை சரி பண்ண முடியும்." மறைக்க என்ன இருக்கிறது? போடுகிறேன்.

நாள் 118, காலை 10:05. மனநிலை: 4/10
மூன்று நாளாகத் தலைவலி. ஏணி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டப்பா மூடி திறக்கவில்லை என்று அழுதேன். நானா! கரியமில வாயு 0.4. நேற்றும் அதே. ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்துவிட்டுப் பார்த்தேன்; கொஞ்சமாவது கூடியிருக்க வேண்டும், அப்போதும் அதே. இந்த அளவுமானி மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பொறியாளர்களுக்கு எழுதினேன். டாக்டரிடமிருந்து பதில்: "தலைவலி, அழுகை எல்லாம் ஹார்மோன் படுத்துற பாடும்மா. மாத்திரையை ரெண்டாக்கிக்கோ."
காற்றைப் பற்றிக் கேட்டால் மாத்திரை வருகிறது.

நாள் 121, காலை 09:40. மனநிலை: 3/10
தலைவலி கூடிவிட்டது. டாக்டர் சொல்வதுதான் சரியோ? கல்லூரியிலிருந்தே கேட்டுப் பழகிய பேச்சு இது. கோபப்பட்டால் ஹார்மோன், அழுதால் ஹார்மோன். கேட்டுக் கேட்டு எனக்கே என்மேல் சந்தேகம்.
எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். பாறைச் சோதனைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரில் அறைக் காற்றைப் பம்பால் செலுத்தினேன். பள்ளிக்கூடத்தில் குழல் வைத்து ஊதுவோமே, அதே சோதனை. கிடுகிடுவென்று பால் மாதிரி வெளுத்துவிட்டது. கரியமில வாயு வெறும் 0.4 என்றால் இவ்வளவு வேகமாக வெளுக்காது.
சுண்ணாம்புக்கு ஹார்மோன் கிடையாது. காற்றுதான் கெட்டிருக்கிறது.

நாள் 122, காலை 10:50. மனநிலை: 3/10
காற்றுச் சுத்திகரிப்பான் அடைத்திருக்கிறது, என்னால் பிரிக்க முடியவில்லை. வெளியே போகப் போடும் விண்வெளி உடையிலும் அதிலிருந்து வரும் காற்றுதான். அவசர ஆக்சிஜன் அறையின் பூட்டைப் பூமியிலுள்ள பொறியாளர்கள்தான் திறக்க முடியும்.
என் செய்திகள் எங்கே போகின்றன என்று பதிவேட்டைத் தோண்டினேன். ஐந்துக்குக் கீழே மதிப்பெண் போட்டவர் எழுதுவதெல்லாம் மருத்துவ மேசைக்கு. நான் எழுதிய ஏழு புகாரில் ஒன்றைக்கூடப் பொறியாளர்கள் பார்க்கவில்லை. பாவிகளா! உண்மையைப் போடச் சொல்லிவிட்டு, போட்டவள் பேச்சைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள்.

11:20. மனநிலை: 10/10
பொய்தான். வேறு வழி? சுண்ணாம்புச் சோதனையின் படத்தோடு புகாரை அனுப்பிவிட்டேன். செய்தி போய்ப் பதில் வர முப்பத்தாறு நிமிடம். ஷாஜகான் அண்ணன் பொறியாளர் மேசையில் இருப்பார். ஒரு தடவை பார்த்தால் போதும், உடனே திறந்துவிடுவார்.

11:58
தானியங்கிப் பதில்: "மனநிலை மூன்றிலிருந்து பத்துக்குத் திடீர் ஏற்றம். செய்தி மருத்துவ மேசைக்கு மாற்றப்பட்டது."

12:09
டாக்டர்: "பத்தா! மாத்திரை நல்லா கேக்குது, பாத்தியா? அந்தக் காத்து பயமும் ரெண்டு நாள்ல போயிடும். நிம்மதியா தூங்கும்மா."
மறுபடி எழுதினேன். மனநிலை 7 என்று போட்டேன். அது போய்ச் சேரவே பதினெட்டு நிமிடம். விரல் எழுத்தைத் தேடுகிறது.

12:31
தூக்கம் சொக்குகிறது. ஷாஜகான் அண்ணே, பூட்டு
கண்டெடுப்பவருக்கு. கதவோரம் அளவுமானி இருக்கும். பாருங்கள். இப்போதும் 0.4 தான் காட்டும்.
பக்கத்தில் சுண்ணாம்புப் புட்டி. கழுவிவிடாதீர்கள். எனக்குப் பைத்தியம் இல்லை. என் மனசு சரியாகத்தான் இருந்த