ஸ்கேன் அறையில் பேசுகிறவன்

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

கோபித்துக்கொண்டு போன நீ உன் அக்கா வீட்டில் சௌக்கியமாக இருப்பாய். என் மருந்துக்கடை வேலை போய்விட்டது. வருகிறவர்களிடம் ஓயாமல் பேசி வரிசையை நீளவிட்டேனாம். வாயை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை உதவியாளன். ஸ்கேன் எந்திரத்தின் குழாய்க்குள் படுக்கப் பலருக்குப் பயம். அசைந்தால் படம் கெட்டுவிடும். நேற்று ஒரு அம்மா இரண்டு முறை பதறி எழுந்துவிட்டார். ஸ்கேன் எடுப்பவர் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பேசச் சொல்லியா தரணும்? மைக்கைப் பிடிங்க, உள்ள அவங்களுக்குக் கேக்கும்."

வாயில் வந்தது நம் கதைதான். மழையில் ஒரே டாக்சிக்கு நீயும் நானும் மல்லுக்கு நின்றது, கடைசியில் இருவருமே அதில் ஏறியது. அந்த அம்மா அசையவே இல்லை. குறை என்று நான் பூட்டிவைக்கப் பார்த்த வாய்க்கு இப்படியும் ஒரு வேலையா? இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்னிடம். உனக்கு முன்பே தெரியுமா? இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் என்னைக் கட்டிக்கொண்டாயா?

வெளியே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாதியில நிறுத்திட்டீங்களே தம்பி. அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

அடுத்த தடவை சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அடுத்த வாரம் அவர் மறுபடி வருகிறார். என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
வீட்டிலேயே இருப்பவன்