உறவுமுறை என்ற கட்டத்தில் மஹ்லெத் எழுதியது

அதாமா
ஹிதார் 9

அன்பு மகள் ரெதியெட்டுக்கு,

கடவுள் கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சீனாவில், வென்சோவில் நீயும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் வெளியே போகாதே. நீ அனுப்பிய தைலத்துக்கு அம்மாவின் முழங்கால் வலி அடங்கவில்லை, கூரைத் தகரத்தை மழை முடிந்த பிறகுதான் மாற்ற முடிந்தது, கல்லூரியில் இந்த ஆண்டும் என் புள்ளியியல் வகுப்பில் நூற்று நாற்பது பேர். நலச்செய்தி இவ்வளவுதான். தொலைபேசியில் பேசினால் என் குரல் உயரும், உடனே நீ இணைப்பு சரியில்லை என்பாய். அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். முழுவதையும் படி.

நம் தெரு அஸ்னாகெச் இறந்த செய்தி கேட்டு நீ அழுததாக மஹ்லெத் சொன்னாள். அதற்குப் பிறகு நடந்ததை உன் தங்கை உன்னிடம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அடக்கம் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் நம் தெரு இத்திர்ச் சங்கம் கூடாரம் அடித்து, பெஞ்சு போட்டு, மூன்று நாளும் அவித்த தானியமும் காப்பியும் கொடுத்தது. இத்திரில் சேர்ந்தவர் தெருவின் எந்தச் சாவுக்கும் வந்து உட்கார வேண்டும், வராதவர் வீட்டுச் சாவுக்கு யாரும் வர மாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அதன் செயலாளராக இருக்கும் நான் இதை உனக்கு விளக்கிக்கொண்டிருப்பதே கேவலம். மஹ்லெத் செருப்புத் தொழிற்சாலையில் விடுப்புப் படிவம் வாங்கி, இறந்தவருடன் உறவுமுறை என்ற கட்டத்தில் அம்மா என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து மூன்று நாளும் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் வேலைக்குப் போனவளை வாயிற்காவலன் உள்ளே விடவில்லை. பெற்ற தாய் உயிரோடிருக்க, பொய் உறவு காட்டி விடுப்பு எடுத்தாளாம். விதி இருபத்து மூன்றின்படி நீக்கம்.

நான் தொழிற்சாலையின் சீன மேலாளர் ஃபானைப் பார்க்கப் போனேன். சீனர்கள்மேல் பழி போடுவது எளிது, நான் போடப்போவதில்லை. தொழிற்பூங்காவுக்காக நிலம் கொடுத்தவர்கள் என்னிடம் யோசனை கேட்டபோது பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று சொன்னவன் நான். வேலையும் வந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே தைக்கிறார்கள், சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. அந்த மனிதர் என்னை உட்காரவைத்து வெந்நீர் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளன் மூலம் அவர் கேட்டது இது: “ஐயா, ஒரு ஆளுக்கு எத்தனை அம்மா இருக்க முடியும்? போன மாசம் ஒருத்தி மூணு அப்பாவைப் புதைச்சுட்டு வந்தா. நான் என்னன்னு நினைக்கிறது?” பிறகு வென்சோவில் நீ வேலை பார்க்கும் தலைமை அலுவலகத்துக் கோப்பு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். உள்ளூர் வழக்கம் எதையாவது விதியில் சேர்க்க வேண்டுமா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். சேர்க்க வேண்டியது எதுவுமில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டிருப்பவள் நீ. “நாங்க கேட்டோமே, உங்க ஊர்ப் பொண்ணுதானே இல்லைன்னு எழுதினா,” என்றார்.

நான் வெறும் மொழிபெயர்ப்புதான் செய்தேன் அப்பா என்று இனி என்னிடம் சொல்லாதே. தொழிற்சாலையில் வருகை தொண்ணூற்றேழு விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது என்று நீ பெருமைப்பட்டபோது நானும் பெருமைப்பட்டேன்; எத்தனை பேர் எந்தெந்தச் சாவுக்குப் போகாமல் அந்த எண் ஏறியது என்று, புள்ளியியல் கற்பிக்கும் எனக்கே கேட்கத் தோன்றவில்லை. அதற்குரிய கூலி ஞாயிற்றுக்கிழமை இத்திர் கூட்டத்தில் கிடைத்தது. தலைவர் அயாலெவ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொழிற்சாலையின் விதிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்: தொகுத்தவர், ரெதியெட் வொண்டிமு. “வாத்தியாரே, வொண்டிமுன்னு போட்டிருக்கே, அது நம்ம வொண்டிமுவா, இல்ல சீனாக்காரன் எவனாவது அந்தப் பேரை வச்சுக்கிட்டானா?” கூட்டமே சிரித்தது. உன் பெயரைத் தொடர்ந்து என் பெயர் வருவது நம் வழக்கம். அதை எங்கே கொண்டுபோய் அச்சடிக்கிறாய் என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உன்னுடையது. “ஏன்டி, உங்க அக்கா உனக்கும் சேர்த்துத்தான் விதி எழுதினாளா?” என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், மஹ்லெத் எழுந்து வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. தையல் வரிசைக்கு மேற்பார்வையாளராக வர நான்கு ஆண்டுகள் உழைத்தவள், பொய் சொன்னவள் என்று எழுதி வெளியேற்றினால் பூங்காவில் வேறெந்தத் தொழிற்சாலையும் அவளைச் சேர்க்காது.

உன் அம்மா அடிஸ் அபாபா மருத்துவமனையில் பதினான்கு மாதம் கிடந்தபோது மஹ்லெத் ஆறு மாதக் குழந்தை. தன் மகனுக்குக் கொடுத்த பாலை அவளுக்கும் கொடுத்தவள் அஸ்னாகெச். நான்கு வயதில் நீ அவள் கையால்தான் இன்ஜெரா தின்றாய், அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாய். இதையெல்லாம் உனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் என் கோபம்.

மஹ்லெத் எழுதிய உறவு உண்மையா என்று ஃபான் தலைமை அலுவலகத்துக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார். அது உன் மேசைக்குத்தான் வரும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும். ஆம் என்று எழுதினால், முன்பு அப்படி வழக்கம் எதுவுமில்லை என்று எழுதியது ஏன் என்று உன்னைக் கேட்பார்கள், உன் பதவி உயர்வும் நிற்கலாம், தெரிந்தேதான் சொல்கிறேன். இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காப்பி வறுத்துக்கொண்டே கேட்டவள் சொன்னாள்: “ரெண்டு அம்மான்னு எழுதச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு அம்மாதான் இருந்தா, அது நான் இல்லை.”

கடவுள் உன்னைக் காக்கட்டும், நீ போகும் வழி நேராகட்டும். நோன்பு நாளென்று பட்டினி கிடக்காதே, பருப்பாவது வேகவைத்துச் சாப்பிடு. இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம், அவர்களுக்கு எழுது.

உன் தந்தை,
வொண்டிமு